கடைசியில் எழும்பி ஆடுவார்கள்

எங்கள் வீட்டில் எலிசபெத் மகாராணி என்றால் ஒருவர்தான். சில்லறைக் காசிலும் தபால்தலையிலும் பக்கவாட்டில் முகம் காட்டிக்கொண்டிருப்பவர். அதே பெயரில் நானூறு வருடத்துக்கு முன்னால் இன்னொருத்தியும் இந்த நாட்டை ஆண்டிருக்கிறாள், அவள் காலத்தில் சனங்கள் நாடகம் பார்க்கப் பைத்தியமாய் அலைந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பில்தான் அறிந்துகொண்டேன். தொண்ணூறுகள் முடிகிற நேரம். எனக்குப் பத்து வயது.

சொல்லித் தந்த ரீச்சர் எதையும் நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரித்தான் சொல்லுவார். அந்தக் காலத்துக் கொட்டகையில் நடு முற்றத்துக்குக் கூரை இல்லை, வானம்தான். விளக்கும் இல்லை, ஆகவே மத்தியானம் சாப்பிட்டபின் பகல் வெளிச்சத்திலேயே ஆட்டம். இன்றைக்கு நாடகம் உண்டு என்பதற்கு அடையாளமாக மேலே ஒரு கொடி பறக்கும். ஆற்றுக்கு இக்கரையில் இருக்கிறவர்கள் கொடியைக் கண்டதும் பாலத்தால் ஓடுவார்கள், வசதியுள்ளவர்கள் வள்ளம் பிடிப்பார்கள். பிறகு எக்காளம் ஊதும். ஒரு பென்னி கொடுத்தவன் முற்றத்தில் நிற்கலாம். இன்னும் கொஞ்சம் கொடுத்தவன் சுற்றுமாடத்தில் குந்தலாம். நிற்கிறவர்கள் கொட்டை உடைத்துத் தின்றுகொண்டு, தோடம்பழம் உரித்துக்கொண்டு, மேடையில் நிற்கிறவனோடு கதைத்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். பெண்கள் மேடையேறுவதில்லை, பெண் வேஷமெல்லாம் ஆண்கள். சோக நாடகம் என்றால் மேடையில் கறுப்புத் துணி கட்டிவிடுவார்கள். சட்டைக்குள் ஆட்டின் மூத்திரப்பையில் இரத்தம் நிரப்பி வைத்திருந்து, கத்தி பட்டதும் என்று ரீச்சர் தன் நெஞ்சில் குத்திக் காட்டியபோது வகுப்பே சந்தோஷத்தில் அலறியது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அவர் கடைசியாகச் சொன்னது. எவ்வளவு பெரிய சோகக் கதையாக இருந்தாலும், எத்தனை பேர் செத்து விழுந்திருந்தாலும், நாடகம் முடிந்ததும் மேளம் அடிக்க எல்லாரும் எழும்பி ஆடுவார்கள். செத்தவனும் ஆடுவான். கொன்றவனும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுவான்.

இதை வீட்டில் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னேன். என் வீட்டாருக்கு ஆளுக்கொரு சொல் உண்டு. இப்போதும் அந்தச் சொற்களை வைத்துத்தான் அவர்களை நினைத்துக்கொள்கிறேன். அப்பாவின் சொல் "அப்பிடியோ". ஆச்சரியத்துக்கும் அதுதான், அக்கறை இல்லாததற்கும் அதுதான். எவ்வளவு இழுக்கிறார் என்பதில்தான் வித்தியாசம். பெற்றோல் ஸ்ரேசனில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தவர் எனக்குத் தந்தது ஒரு குட்டி "அப்பிடியோ". அம்மாவின் சொல் "கை வேலையாய் நிக்கிறன்". கை சும்மா இருக்கும்போதும் அதைத்தான் சொல்லுவார்.

பெரியம்மாவின் சொல் "கண்டவை ஆர்?" யார் பார்த்தது என்ற கேள்வி. அடுத்த வீட்டுக்காரிக்கு லொத்தர் விழுந்ததாம் என்றால், கண்டவை ஆர். நாளைக்குப் பனி கொட்டுமாம் என்று டீவி சொன்னால், அதற்கும் கண்டவை ஆர். செத்தவர்கள் எழும்பி ஆடினார்கள் என்று நான் சொன்னதற்கும் அதே கேள்விதான் வந்தது. ரீச்சர் சொன்னவ என்றேன். அவ கண்டவவோ என்று கேட்டுவிட்டு, உரித்த வெங்காயத்தைக் கழுவப் போய்விட்டார்.

ஒரு காலத்தில் அந்தக் கேள்வி பகிடியாகத்தான் இருந்ததாம். பிறகு அது பகிடியில்லாமல் போன காரணத்தை எனக்கு ஒருவரும் இருத்தி வைத்துச் சொல்லவில்லை. கதவிடுக்கால் வந்ததைப் பொறுக்கிப் பொருத்தித்தான் தெரியும். பெரியம்மா, அம்மாவின் அக்கா. பெரியப்பா எப்போதோ காலமாகிவிட்டார். ஒரே மகன். எனக்கு அண்ணை முறை. யாழ்ப்பாணத்தில் ஒரு காலை சைக்கிளில் வகுப்புக்குப் போனவரை வழியில் ஆமிக்காரர் மறித்து, வேறு பொடியன்களோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியம்மா முகாம் முகாமாகப் போய் வாசலில் நின்று கேட்டார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். அலைந்து அலைந்து அவர் உடம்பு விழுந்த பிறகுதான் அம்மா அவரை லண்டனுக்கு எடுப்பித்தது.

அண்ணையை நான் படத்தில் மட்டுமே அறிவேன். போன் வைக்கிற மேசையில், போனுக்குப் பக்கத்தில், சட்டமில்லாத அந்தப் படம் ஒரு கண்ணாடிக் கிளாசில் சாய்ந்துகொண்டிருக்கும். போன் அடித்தால் பெரியம்மா முதலில் படத்தைப் பார்ப்பார், பிறகுதான் போனைப் பார்ப்பார். வீட்டின் மற்றப் படங்கள் எல்லாம் ஹோல் சுவரில், பிளாஸ்ரிக் மாலையோடு: அப்பப்பா, அப்பம்மா, பெரியப்பா. கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப். வயது போனால் ஆட்கள் மேசையிலிருந்து சுவருக்குப் போவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் பாரிசிலிருந்து ஒரு போன் வந்தது. அண்ணையோடு பிடிபட்டு, எப்படியோ வெளியே வந்து, கடல் தாண்டிச் சேர்ந்தவன். அவன் சொன்னதைத் தன் அக்காவிடம் சொல்ல அம்மாவுக்குக் கிழமைக் கணக்கில் நாள் எடுத்தது. கேட்டபோது பெரியம்மா அழவில்லை. அவன் கண்டவனோ என்று கேட்டார். கண்ணால் காணவில்லை, கூட இருந்தவர்கள் சொல்லக் கேட்டதாம் என்றார் அம்மா. அப்படியென்றால் அது கதை என்று சொல்லிவிட்டு, பெரியம்மா எழுந்துபோய்ப் படத்தைப் போனுக்கு இன்னும் கிட்டவாக நகர்த்தி வைத்தார்.

அதன் பிறகு வீட்டில் சத்தமில்லாத ஒரு சண்டை நடந்தது. அந்தியேட்டி செய்யவேண்டும் என்றார் அப்பா. செத்தவரை வழியனுப்பிவைக்கிற கிரியை அது. செய்யாவிட்டால் அந்தப் பிள்ளை எங்கேயும் போய்ச்சேராமல் நடுவழியில் நிற்குமே என்பது அவர் கவலை. அம்மாவின் கவலை வேறு. அக்கா இப்படியே ஒழுங்காகச் சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், ஒருதரம் வாய்விட்டுக் குழறி அழாமல் இருந்தால் அக்காவும் மிஞ்சமாட்டா என்று குசினிக்குள் நின்று அப்பாவிடம் சொல்லி அழுதார். பெரியம்மாவிடம் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் இருந்தது. காணாத சாவுக்கு நான் அழமாட்டன்.

இது இப்படி இருக்க, எங்கள் வகுப்பை நாடகத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், அந்தக் காலத்துக் கொட்டகை நின்ற இடத்துக்குக் கிட்டவாக, மரத்தாலும் சுண்ணாம்பாலும் புல் வேய்ந்த கூரையாலும் அதே மாதிரி ஒன்றைத் திருப்பிக் கட்டித் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்குத் துணையாக வீட்டிலிருந்து பெரியவர்கள் சிலர் வரவேண்டும் என்று ரீச்சர் கேட்டார். அப்பாவுக்குப் பகலில் நித்திரை. அம்மாவுக்கு ஷிப்ட். நான் கையை உயர்த்திப் பெரியம்மா வருவா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இங்கிலிஷ் தெரியாத ஒருவர் அங்கே என்ன துணை செய்வார் என்பதை நான் யோசிக்கவில்லை. செத்தவன் எழும்பி ஆடுவதைக் கண்ணால் காட்டிவிட்டால் அந்தக் கேள்வியை இனி என்னிடம் கேட்கமாட்டார் என்பது மட்டும்தான் என் யோசனை.

அம்மா பயந்தார்.

"அக்கா, நிண்டுகொண்டு பாக்கிறதாம். உங்களுக்கு ஏலுமோ?"

"முகாம் வாசலிலை நிண்டதை விடவோ?" என்றார் பெரியம்மா.

அம்மா போய்த் தன் குளிர்க் கோட்டை எடுத்து வந்தார்.

போகிற அன்று பெரியம்மா வெளிர்ச் சேலைக்கு மேல் அம்மாவின் குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு, சொக்ஸோடு செருப்பு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பையோடு வந்தார். பைக்குள் வறுத்த கச்சான் கடலை, தோடம்பழம், தண்ணீர்ப் போத்தல், குந்துவதற்கு மடித்த பெட்சீற். ஊரில் கூத்துப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற சாமான்கள். பைக்குள் எட்டிப் பார்த்த ரீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, பாருங்கள், சரியான முறையில் வெளிக்கிட்டு வந்திருப்பவர் இவர் ஒருவர்தான் என்றார். என்னவாம் என்று பெரியம்மா கேட்டார். நீங்கள் நானூறு வருடத்துக்கு முந்தின ஆள் மாதிரி இருக்கிறீர்களாம் என்றேன். தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை ரயில். அங்கிருந்து அந்தக் காலத்துச் சனம் மாதிரியே பாலத்தால் நடந்துதான் ஆற்றைக் கடக்கவேண்டும் என்பது ரீச்சரின் பிடிவாதம். ஆட்டக் கொட்டகையை ஏன் ஊருக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள் என்று பெரியம்மா கேட்டார். எனக்கு விடை தெரிந்த கேள்வி. நாடகம் என்றால் சனம் கூடும், கூடினால் கலகம் வரும், நோய் பரவும் என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் பயந்தார்களாம். கொள்ளைநோய் வந்தால் கொட்டகையை மாதக்கணக்கில் பூட்டியும் விடுவார்களாம். சனம் கூடினால் எல்லா ஊரிலும் மேலிடத்துக்குப் பயம்தான் என்றார் பெரியம்மா. கொட்டகையின் மேல் கொடி பறப்பதைக் கண்டதும், கொடியேற்றம் முடிஞ்சுதோ என்று கேட்டார். அன்று அவர் விட்ட பகிடி அது ஒன்றுதான்.

உள்ளே எங்களைச் சின்னவர்கள் என்று முன்னுக்கு விட்டார்கள். மேடையின் விளிம்பு என் கன்னத்தின் உயரத்துக்கு இருந்தது. காலுக்குக் கீழே கொட்டைக் கோது நொறுங்கியது. அந்தக் காலத்து நிலமும் இப்படித்தான் இருந்தது என்று அதையும் தேடிக் கலந்திருந்தார்கள். பெரியம்மா பெட்சீற்றை விரித்தார். உடனே ஒரு பணியாளர் வந்து, முற்றத்தில் குந்தக்கூடாது, நிற்கத்தான் வேண்டும் என்றார். பெரியம்மா குறை சொல்லாமல் மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மேடையைப் பார்த்து, ஏன் கறுப்புத் துணி கட்டியிருக்கினம் என்று கேட்டார். செத்தவீட்டுக் கதை பெரியம்மா என்றேன். எங்கடை ஆக்கள் வெள்ளையெல்லோ கட்டுறது என்றார்.

எக்காளம் ஊதியது. யாரோ அரசனும் அவன் தம்பியும் நாட்டுக்காகச் சண்டை பிடிக்கிற கதை. அந்தப் பழைய இங்கிலிஷில் எனக்கு விளங்கியதும் பெரியம்மாவுக்கு விளங்கியதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனாலும் நான் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தாய், அவளுக்கு ஒரு மகன், அவனைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற இடத்தில் பெரியம்மா என் கையைத் தட்டி நிறுத்தினார். தனக்கு விளங்குது என்றார். இடையில் மழை தூறியது. மாடத்தில் இருந்தவர்கள் காய்ந்திருக்க, நின்றவர்கள் நனைந்தோம். பெரியம்மா தோடம்பழத்தை உரித்து உரித்து எனக்கும் பக்கத்துப் பிள்ளைகளுக்கும், பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு கிழவருக்கும் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சண்டை முடிந்தது. துணியால் மூடிய மூன்று பேரைத் தூக்கிவந்து மேடையின் விளிம்போரமாக வரிசையாகக் கிடத்தினார்கள். மூன்றாவது ஆள் எங்களுக்கு நேர் முன்னால். அவனுடைய காலுறையில் ஒரு ஓட்டை இருந்தது கூட எனக்குத் தெரிந்தது. தாய் வந்தாள். வேஷம் கட்டியது நல்ல உயரமான ஆண். தொண்டைக்குமிழ் மேலும் கீழும் போய்வந்தது. முகத்துக்கு வெள்ளை பூசியிருந்தார். முதலில் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அவர் முதல் துணியைத் தூக்கினார். மகன் இல்லை. மெல்ல மூடினார். இரண்டாவதைத் தூக்கினார். அவனும் இல்லை. மூடினார். மூன்றாவதற்கு வந்தார். இரத்தத்தைப் பார்க்கலாம் என்று நான் எக்கி நின்றேன்.

"எணை அக்கா, திறக்காதையெணை."

பெரியம்மாவின் குரல். கத்தவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற அயல்வீட்டுக்காரிக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் கொட்டகை முழுவதும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றதால் அது எல்லா மாடத்துக்கும் கேட்டது.

எனக்கு ஓடி ஒளிக்கவேண்டும் போலிருந்தது. அந்தப் பணியாளர் வந்து வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. பகல் வெளிச்சம் என்பதால் நாங்கள் மேடையைப் பார்ப்பது போல மேடையும் எங்களைப் பார்த்தது. அந்த நடிகர் துணியில் வைத்த கையை எடுக்காமலே பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு முழந்தாளிட்டு, மற்றக் கையை விளிம்புக்கு வெளியே நீட்டினார். பெரியம்மா பெட்சீற்றை என்னிடம் தந்துவிட்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நடிகர் ஏதோ சொன்னார். அது நாடகத்தில் உள்ளதோ, பெரியம்மாவுக்கென்று சொன்னதோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிடித்த கையை விடாமல் மற்றக் கையால் துணியை விலக்கினார்.

அது மகன்தான்.

எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் ஒருத்தி குழறினால், வந்தவள் சும்மா நிற்கமாட்டாள். கட்டிப்பிடித்துச் சேர்ந்து அழுவாள். அவளுடைய சாவுக்கும் அழுவாள், தன்னுடைய சாவுகளுக்கும் அழுவாள். அந்த நடிகர் வாய்விட்டு அலறியதும் பெரியம்மாவும் தொடங்கினார். என்ரை ராசா என்று தொடங்கி, சைக்கிளைத் துடைச்சுப்போட்டு ஏறிப் போனியே, சாப்பாடு மூடி வச்சிருந்தனே என்று, இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தார் என்று தெரியாத சொற்களெல்லாம் இழுத்து இழுத்து வந்தன. நடுவில் அண்ணையின் பெயர் வந்தது. மேலே இங்கிலிஷ், கீழே தமிழ். நாடகத்தில் இப்படி ஒரு கட்டம் உண்டாக்கும் என்று நினைத்தவர்கள் பலர். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ரீச்சர் பின்னால் வந்து என் தோளில் கை வைத்தார்.

எனக்குப் பெரியம்மாவைத் தேற்றவேண்டும் போலிருந்தது. கோட்டைப் பிடித்து இழுத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அது பொய் ரத்தம் பெரியம்மா. கடைசியிலை எழும்பி ஆடுவினம்."

அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது. நாடகம் முடிந்து மேளமும் குழலும் தொடங்க, ரீச்சர் சொன்னபடியே செத்தவர்கள் எல்லாம் எழும்பினார்கள். மகனாக நடித்த பொடியன் நெஞ்சில் சிவப்போடு துள்ளித் துள்ளி ஆடினான். தாயாக நடித்தவர் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனோடு ஆடினார். பலகை அதிர்ந்தது. எல்லாரும் கைதட்டினோம். பெரியம்மா கைதட்டவில்லை. ஆட்டம் முடியுமட்டும் அந்தப் பொடியனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவன்ரை தாய்க்குத் தெரியும்தானை, இவன் எழும்புவானெண்டு," என்றார்.

"ஓம் பெரியம்மா. எல்லாருக்கும் தெரியும்," என்றேன். ஒருவழியாக விளங்கிக்கொண்டாரே என்ற சந்தோஷம் எனக்கு.

பையில் மிஞ்சியிருந்த தோடம்பழத்தை எடுத்து விளிம்பில் வைத்தார். பொடியன் குனிந்து அதை எடுத்து, நெற்றியில் ஒற்றிக் கும்பிடுவது போல ஏதோ செய்துவிட்டு உள்ளே ஓடினான். திரும்பி வருகையில் ரயிலில் பெரியம்மா என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். மனோர் பார்க்கில் இறங்க அவரைத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது.

வகுப்பில் ரீச்சர், அந்தக் காலத்தில் நாடகத்துக்குப் போவது எப்படியிருந்திருக்கும் என்று இப்போது யாருக்குத் தெரியும் என்று கேட்டார். என் பெரியம்மா நடிகரோடு கதைத்தா, அந்தக் காலத்தில் அப்படித்தான் என்றேன். ரீச்சர், ஓம், அன்றைக்கு எங்களில் உண்மையாகவே நாடகம் பார்த்தவர் உன்னுடைய பெரியம்மாதான் என்றார். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, நடந்தது முழுவதையும் அப்பாவுக்குச் சொன்னேன். நான் கேட்டதிலேயே நீளமான "அப்பிடியோ" அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து வந்தது.

அந்தச் சனிக்கிழமை பெரியம்மா போன் மேசையை ஈரத்துணியால் துடைத்தார். அண்ணையின் படம் புதுச் சட்டத்துக்குள் இருந்தது. அப்பாவிடம் ஆணியும் சுத்தியலும் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கை வேலையாய் நிற்கவில்லை. சும்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆணிகள் என் கையில். அண்ணைக்கு வயது போகவில்லையே, ஏன் சுவருக்கு என்று கேட்டேன். அப்பா ஸ்ரூலில் ஏறிப் பெரியப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் ஆணியை வைத்து அடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்து கொட்டியது. இடையில் போன் அடித்தது. பெரியம்மா திரும்பவில்லை. அடித்து அடித்து அது தானாக நின்றது.

"பிள்ளை, உனக்குத்தான் கண் நல்லது. நேரா இருக்கோ எண்டு பார்," என்றார் பெரியம்மா.

நான் வாசல்வரை பின்னுக்குப் போய், ஒரு கண்ணை மூடி, தச்சர்கள் மாதிரிப் பார்த்தேன். இடப்பக்கம் கொஞ்சம் உயர்த்தவேண்டும் என்றேன். அப்பா உயர்த்தினார். இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் உயர்த்தினார். அவர்கள் மூவரும் படத்தைப் பாராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது சரி என்றேன்.